கத்திரி வெயிலில் கிராங்கோடு ஏழு நாள்

மே 14, செவ்வாய். கடலூர் முதுநகர்

உப்பனாற்றங்கரை யார்டு ஒன்றில் ஒரு பழைய வீல் லோடர் நிற்கிறது. அதன் டீசல் இன்ஜின் எது என்று கண்டுபிடித்து, பிரித்துச் சரிசெய்ய வந்திருக்கிறோம். நேம்பிளேட் இல்லை, புத்தகம் இல்லை. முதலாளி கையில் இருக்கும் தகவல் ஒன்றே ஒன்றுதான்: "பெர்கின்ஸ், நாலு சிலிண்டர்." கடலூரில் பஸ்ஸை விட்டு இறங்கி "முருகன் வீடு எங்கே" என்று கேட்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பெர்கின்ஸ் நாலு சிலிண்டரில் 4.236 உண்டு, 4.248 உண்டு, பிறகு வந்த ஆயிரம் சீரீஸ் உண்டு. வெளியே நின்று பார்த்தால் எல்லாம் அண்ணன் தம்பி ஜாடை.

இன்ஜின் நம்பர், பிளாக்கின் (சிலிண்டர்கள் இருக்கும் இரும்பு உடல்) இடது பக்கம், டீசல் பம்புக்குப் பின்னால், வெட்டிச் சமப்படுத்திய திட்டில் குத்தியிருக்கும். கடல் காற்றில் அந்தத் திட்டு முழுக்கத் துரு. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் அவசரப்பட்டு கிரைண்டரை எடுக்கிறார்கள். கிரைண்டர் துருவோடு நம்பரையும் தின்றுவிடும். டீசலில் நனைத்த துணியை அரை மணி நேரம் போர்த்தி வைத்து, பித்தளை வயர் பிரஷ்ஷால் தேய்த்து, கடைசியாக 400 நம்பர் உப்புத்தாளால் லேசாக ஒரு இழுப்பு. அதன்மேல் சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேய்த்தால் குழியில் வெள்ளை தங்கும். டார்ச்சை நேராக அடிக்கக் கூடாது, பக்கவாட்டில் பிடிக்க வேண்டும்.

முதலில் தெரிந்தது 'எல்.டி.' அதுவே பாதி பதில். 1974இலிருந்து வந்த பெர்கின்ஸ் நம்பரில் முதல் இரண்டு எழுத்து இன்ஜின் குடும்பம்: எல்.டி. என்றால் 4.236, எல்.எஃப். என்றால் 4.248, எல்.ஜே. என்றால் டர்போ போட்ட 4.236. அடுத்து வரும் எண்கள் பார்ட்ஸ் லிஸ்ட் நம்பர். பிறகு 'யு', இங்கிலாந்தில் செய்தது. பிறகு வரிசை எண். கடைசி எழுத்து வருஷம்: ஏ என்றால் 1974, பி என்றால் 1975, இப்படியே போகும், ஐ, ஓ, கியூ மூன்றும் கிடையாது. இதில் இருந்தது எஃப். அப்படியென்றால் 1979. 1974க்கு முந்தைய இன்ஜினாக இருந்தால் நம்பர் '236யு' என்று நேரடியாகக் கன அங்குலத்திலேயே தொடங்கும்.

அந்த வருஷம் பிளாக்குக்குத்தான், வண்டிக்கு அல்ல. வண்டி அதைவிடப் பழையதாகவும் இருக்கலாம், புதியதாகவும் இருக்கலாம். பாகம் வாங்குபவருக்கு வருஷத்தைவிட லிஸ்ட் நம்பர் முக்கியம். அதில்தான் சிக்கல். கடைசி இலக்கத்தின் இடது பக்கத்தைத் துரு அரித்திருந்தது. 3ஆ, 8ஆ? மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்து நகல் எடுத்தோம். தாளிலும் அதே சந்தேகம்.

சாயங்காலம் பட்டறை வாசலில் நுங்கு. கையில் கிரீஸ் இருந்ததால் விற்ற அம்மாவே தோண்டிக் கொடுத்தார்.

மே 15, புதன். கடலூர் முதுநகர்

நம்பர் சொல்வதை அளவும் சொல்ல வேண்டும், பிளாக் வேறு உள்ளே இருப்பது வேறு என்பது பழைய மிஷினில் சகஜம். ஹெட்டைக் கழற்றி, போர் (சிலிண்டரின் உள்விட்டம்) அளக்கும் கேஜ் விட்டோம். ரிங் போய்வராத அடிப்பகுதியில் 98.5 மி.மீ. சுற்றி நின்றது. 4.236க்குப் புத்தக அளவு 98.43, 4.248 என்றால் 101க்குப் பக்கத்தில் காட்டும், ஆயிரம் சீரீஸ் என்றால் 100. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) மூன்றுக்கும் 127 என்பதால் ஸ்ட்ரோக்கை மட்டும் அளந்து முடிவு கட்டக் கூடாது. கணக்குப் போட்டால் நாலு சிலிண்டருக்கும் சேர்த்து 3.86 லிட்டர், அதாவது 236 கன அங்குலம். பெயரே அங்கிருந்து வந்ததுதான்.

மேலே, முதல் ரிங் திரும்பும் இடத்தில் 98.78. அடிக்கும் மேலுக்கும் 0.28 மி.மீ. வித்தியாசம். விரல் நகத்தை வைத்து இழுத்தால் படி தட்டுகிறது. ரிங் மட்டும் மாற்றி ஒப்பேற்றும் கட்டத்தை இது தாண்டிவிட்டது. புது ரிங் போட்டால் அந்தப் படியில் மோதி முதல் ரிங் உடையும்.

அடியிலிருக்கும் ஆயில் தொட்டியான சம்ப்பை இறக்கியதும், அதிர்வைக் குறைக்கும் பேலன்சர் யூனிட் இருந்தது. இது எல்லா 4.236இலும் இருக்காது. இருந்தால் ஆயில் பம்ப் அதற்குள்ளேயே அடக்கம். இல்லாவிட்டால் பம்ப் முன்பக்கம் கிராங்க் கியரிலிருந்து ஓடும். "4.236க்கு ஆயில் பம்ப் கொடுங்க" என்று கேட்டு வாங்கி வருபவர் பாதி நேரம் தப்பானதைத்தான் கொண்டுவருவார்.

கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றவைக்கும் தண்டு): அது பிளாக்கில் உட்காரும் மெயின் ஜர்னல் 76.17, இன்னும் ஸ்டாண்டர்டு. பிஸ்டனின் ராடு பிடிக்கும் பின் நாலும் முன்பே ஒருமுறை கிரைண்டிங் ஆனவை. ஸ்டாண்டர்டு பின் 63.47 முதல் 63.49. இருபது சைஸ் (அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கு குறைத்தது) என்றால் 62.96 முதல் 62.98. இங்கே ஒரு திசையில் 62.91, குறுக்கே 62.86. முட்டை வடிவம். அடுத்தது முப்பது சைஸ், அதோடு கடைசி. அதற்கப்புறம் வேறு கிராங்க்தான் தேட வேண்டும்.

ஒரு இடத்தில் தலையில் கை வைத்துக்கொண்டோம். இன்ஜின் முழுக்க அங்குல மரை. அரை அங்குல யு.என்.எஃப். (நைஸ் அங்குல மரை) ஓட்டை ஒன்றில் யாரோ எம்12, அதாவது 12 மி.மீ. நைஸ் மரை போல்ட்டைப் போட்டிருக்கிறார்கள். அரை அங்குல யு.என்.எஃப்.பின் மரை இடைவெளி 1.27 மி.மீ., எம்12 நைஸ் மரைக்கு 1.25. கிட்டத்தட்ட ஒன்று. அதனால் கையாலேயே சுகமாக இறங்கும். ஆனால் தடிமன் 12.7க்கு 12தான். மரை நுனியைத்தான் பிடித்திருக்கும், முறுக்கியதும் உரித்துக்கொண்டு வரும். வந்தது. புது போல்ட் வாங்கப் போகும்போது பழைய நட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள்.

மதியம் துறைமுகத்துப் பக்கம் மெஸ். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகு மீன் கிடையாது; நாட்டுப் படகில் வந்த நெத்திலியும் காரப்பொடி மீனும்தான். சாப்பாடு 110, நெத்திலி வறுவல் தனியாக 80. "தடை முடிஞ்சு வாங்க சார், வஞ்சிரம் போடுறேன்" என்றார் பரிமாறியவர். குழம்பு மாங்காய் போட்டது. வஞ்சிரம் இல்லாத குறை தெரியவில்லை.

மே 16, வியாழன். துறைமுகப் பக்கத்துப் பட்டறைகள்

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. படகு கரையில் நிற்கும் நாளில்தான் அதன் இன்ஜினைப் பிரிப்பார்கள். எந்த லேத் பட்டறைக்குப் போனாலும் வாசலில் படகு இன்ஜின் ஹெட், கிராங்க், ஷாஃப்ட், புரொப்பல்லர் என்று அடுக்கியிருக்கிறது. கிராங்க் கிரைண்டிங்குக்கு ஒருவர் பன்னிரண்டு நாள் சொன்னார், இன்னொருவர் சிரித்தார். கடலூரில் மிஷின் வேலை செய்ய நினைப்பவர் இந்த இரண்டு மாதத்தைத் தவிர்ப்பது நல்லது. இது தெரிந்தும் மே மாதத்தில் வந்தது முழுக்க எங்கள் தப்பு.

பம்ப்-நாசில் கடையில் மட்டும் லாபம் கிடைத்தது. எங்கள் டீசல் பம்ப் சி.ஏ.வி. கம்பெனியின் டி.பி.ஏ. மாடல், ரோட்டரி வகை. கடைக்காரர் பம்ப்பைத் தொடுவதற்கு முன் பைப் ஓட்டைகளில் டேப் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தார். இந்தப் பம்ப்புக்குத் தனியாக ஆயில் கிடையாது. ஓடும் டீசலே அதற்கு எண்ணெய். உள்ளே சுற்றும் ரோட்டருக்கும் பம்ப்பின் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் ஒரு மணல் துகள் போனால் போதும், கொஞ்சம் தண்ணீர் நின்று துரு பிடித்தால் போதும், பிடித்துக்கொள்ளும். படகுக்காரர்களின் பம்ப் இங்கே குவிவதற்கு டீசலில் சேரும் தண்ணீர்தான் முதல் காரணம்.

பிளேட்டைத் துடைத்தார். டைப் நம்பருக்கும் சீரியலுக்கும் கீழே செட்டிங் கோடு இருக்கும்: எழுத்தும் எண்ணும் சாய்கோடு போட்டுப் பிரித்து நாலு தொகுதி. கடைசித் தொகுதி, லோடு இல்லாமல் இன்ஜின் ஓடக்கூடிய உச்ச வேகம். அதில் இருந்தது 1580.

"இது லோடர் பம்ப் இல்லண்ணா. ஜெனரேட்டர் பம்ப்."

ஜெனரேட்டர் இன்ஜின் 1500 சுற்றில் ஓடும்; லோடு எடுத்துவிட்டால் கொஞ்சம் ஏறி 1580க்குள் நிற்கும். லோடருக்கு இரண்டாயிரத்துக்கு மேல் வேண்டும். வண்டி இழுக்கவில்லை, பக்கெட் மெதுவாகத் தூக்குகிறது, ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் ஏறவில்லை என்று முதலாளி வருஷக்கணக்காகப் புலம்பியதற்கு லைனர் (சிலிண்டருக்குள் இருக்கும் குழாய்) தேய்மானம் மட்டும் காரணமில்லை. எப்போதோ யாரோ கையில் கிடைத்த பம்ப்பை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஓட்டையும் கியரும் பொருந்தும், ஸ்டார்ட்டும் ஆகும். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

வேக ஸ்குரூவைத் திருகி 2000க்கு ஏற்றிவிடலாமே என்று கேட்கத் தோன்றும். முடியாது. உள்ளே வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் ஸ்பிரிங்கே வேறு, அது மாட்டும் ஓட்டையும் வேறு. சரியான கோடுக்கு ஸ்பிரிங் மாற்றி, டெஸ்ட் பெஞ்சில் அளவு வைத்து, மறுபடி சீல் அடிக்க வேண்டும். அதற்கு இன்ஜினின் லிஸ்ட் நம்பர் வேண்டும் என்றார். மறுபடியும் அந்த 3ஆ 8ஆ.

மே 17, வெள்ளி. புதுச்சேரி, மேட்டுப்பாளையம்

கிராங்க்கை ஒரு குட்டியானையில் ஏற்றினோம், வாடகை 1,400. கிராங்க்கைப் படுக்கப்போட்டு இரண்டு முனையில் மட்டும் முட்டுக் கொடுத்து எடுத்துப் போகக் கூடாது. செங்குத்தாக நிறுத்திக் கட்டலாம். படுக்கவைத்தால் நடு ஜர்னலுக்கும் கட்டை வேண்டும். ஜர்னலுக்குக் கிரீஸ் தடவிப் பழைய டியூப் ரப்பர் சுற்றினோம். முள்ளோடை தாண்டியதும் டிரைவர் கேட்காமலே பங்க்கில் நுழைந்தார். கடலூர்க்காரர்கள் எல்லை தாண்டினால் டேங்க்கை நிரப்பாமல் திரும்புவதில்லை, புதுச்சேரியில் டீசல் விலை குறைவு.

லாரி டெர்மினல் பக்கத்துப் பட்டறையில் கிராங்க்கை இறக்கினோம். இங்கே படகு கிடையாது, வரிசையும் கிடையாது. திங்கள் தருகிறேன் என்றார். முப்பது சைஸ், நாலு பின், மெயினுக்குப் பாலிஷ்.

பழைய பார்ட்ஸ் கடைக்காரர் பெரியவர். மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பென்சில் நகலைப் பார்த்துவிட்டு, "எட்டுனு போட்டுப் பாப்போம்" என்று புத்தகத்தைப் புரட்டினார். அப்படி ஒரு லிஸ்ட்டே அதில் இல்லை. மூன்று என்று பார்த்ததும் பக்கம் கிடைத்தது: பேலன்சர் உண்டு, பின்பக்க ஆயில் சீல் கயிறு வகை. நாங்கள் பிரித்துப் பார்த்ததும் அதேதான். மூன்று நாள் குழப்பம் அரை நிமிஷத்தில் முடிந்தது. பெரியவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுக்கலாம் என்று பார்த்தால் அவரே எங்களுக்குச் சொல்லிவிட்டார்.

லைனர் செட் வாங்கிய கதை இன்னொரு கடையில். இது டிரை லைனர், தண்ணீர் நேராகத் தொடாது, மேலே விளிம்பு உள்ளது. இதில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று அரைகுறை ஃபினிஷ்: பிரஸ்ஸில் இறுக்கமாக ஏற்றி, பிளாக்கிலேயே போர் பண்ணி ஹோனிங் செய்ய வேண்டும். இன்னொன்று முழு ஃபினிஷ்: இறக்கினால் வேலை முடிந்தது. பெட்டியின் மேல் இரண்டுக்கும் எழுதியிருந்தது ஒன்றுதான். கவுண்டரிலேயே புது பிஸ்டனை ரிங் இல்லாமல் லைனருக்குள் விட்டுப் பார்த்தோம். நுழையவே இல்லை. அரைகுறை ரகம். பார்க்காமல் கடலூருக்குக் கொண்டுபோயிருந்தால் போர் பண்ண மறுபடி அந்தப் படகு வரிசையில் நின்றிருக்க வேண்டும். முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார்கள், அதுவரைக்கும் சரி. ஆனால் சீல் கேட்டதற்கு அதே கடையில் ரப்பர் லிப் சீலை எடுத்து வைத்து, "இப்ப எல்லாமே இதான் சார்" என்றார்கள். எல்லாமே இதுவல்ல. லிப் சீலுக்கு ஹவுசிங்கே வேறு. கயிறு ஓடித் தேய்ந்த கிராங்க் முகத்தில் அது நிற்காது, ஒரே மாதத்தில் கிளட்ச்சில் ஆயில்.

டீக்கடையில் ஒருவர் மடியில் குழந்தையைப் போல ஒரு சிலிண்டர் பேரலை வைத்துக்கொண்டிருந்தார், சுற்றிலும் ஃபின். டாய்ட்ஸ் ஏர்கூல். கம்ப்ரஸர் இன்ஜின் எஃப்4எல்912. வாங்கிய பேரல் பொருந்தவில்லை என்றார். டாய்ட்ஸில் பெயரிலேயே விடை இருக்கிறது: 4 சிலிண்டர் எண்ணிக்கை, எல் என்றால் காற்றால் குளிர்வது, கடைசி 12 என்பது ஸ்ட்ரோக், செ.மீ. கணக்கில். 912க்கு போர் 100, ஸ்ட்ரோக் 120. அவர் மடியில் இருந்த பேரலின் உள்விட்டம் 102, அது 913இன் பேரல். அதன் ஸ்ட்ரோக் 125. வெர்னியரை வைத்துக் காட்டியதும் ஒன்றும் பேசாமல் எழுந்து கடையைப் பார்த்து நடந்தார். வடையைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

கம்மின்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: இன்ஜின் நம்பரோடு பிளேட்டில் இருக்கும் சி.பி.எல். (எந்தப் பாகங்கள் போட்டது என்ற பட்டியல்) நம்பரையும் சேர்த்துக் கொடுங்கள். 6பி.டி. என்று மட்டும் சொன்னால் பிஸ்டனும் கேமும் பம்ப்பும் எது என்று தெரியாது.

மே 18, சனி. புதுச்சேரி

கயிறு சீலுக்கு மூன்று கடை. மூன்றாவதில் கிடைத்தது, 350. மதியம் அனல், நாலு மணிக்குத் திடீரென்று இருட்டிக்கொண்டு கோடை மழை. லைனர் பெட்டி நனையாமல் இருக்கக் கடைக்காரர் சிமென்ட் சாக்கு கொடுத்தார். நாங்கள் நனைந்தோம்.

மே 19, ஞாயிறு. காந்தி வீதிச் சந்தை

ஞாயிறு சந்தையில் துணி மலைக்கு நடுவே டூல்ஸ் பரப்பியவர் ஓரிருவர்தான். அங்குல ஸ்பேனர் 9/16உம் 11/16உம் எடுத்தோம், இரண்டும் சேர்த்து 160. அரை அங்குல நட்டுக்கு 3/4 ஸ்பேனர், 19 மி.மீ. ஸ்பேனரே அதற்குப் போதும், வித்தியாசம் 0.05தான். ஆனால் 7/16 நட்டுக்கு வேண்டிய 11/16 என்பது 17.46 மி.மீ.; அதில் 18ஐப் போட்டால் மூலை உருண்டுவிடும்.

மே 20, திங்கள். புதுச்சேரி, பிறகு கடலூர்

கிராங்க் தயார். வாங்கும் இடத்திலேயே அளந்தோம். முப்பது சைஸுக்குப் பின் 62.71 முதல் 62.73க்குள் வர வேண்டும். ஒவ்வொரு பின்னையும் இரண்டு முனையில், இரண்டு திசையில், மொத்தம் நாலு அளவு. அளவு எல்லாம் சரி. மூன்றாவது பின்னில் விரலை ஓட்டியபோதுதான் இடறியது. பின்னும் பக்கச் சுவரும் சேரும் மூலை வளைவாக இருக்க வேண்டும். இங்கே ஒரு பக்கம் கத்தி போல நேராக இருந்தது. கல்லின் ஓரத்தை வளைத்துச் சீர் செய்யாமல் ஓட்டியிருக்கிறார்கள். கிராங்க் உடைவது பெரும்பாலும் அந்த மூலையிலிருந்துதான். காட்டியதும் பட்டறைக்காரர் வாதாடவில்லை, "பையன் போட்டது" என்று மட்டும் சொல்லிவிட்டு அவரே மிஷினில் ஏற்றினார். ஒன்றரை மணி நேரம் போனது. கிராங்க் டஃப்ட்ரைடு செய்ததாக இருந்தால், கிரைண்டிங்குக்குப் பின் அந்த ஹார்டனிங்கை மறுபடி செய்ய வேண்டும். அதற்கு அவரே அனுப்பித் தருவதாகச் சொன்னதால் கிராங்க்கை அங்கேயே விட்டுவிட்டு, மற்றதோடு கடலூர் பஸ். லைனர் பெட்டிக்கும் பிஸ்டன் பெட்டிக்கும் சேர்த்து லக்கேஜ் டிக்கெட் போட்டார் கண்டக்டர். எதிர்த்துப் பேச எங்களிடம் தெம்பு இல்லை.

யார்டில் இரண்டு வேலை. லைனர் விளிம்பு உட்காரும் பள்ளத்தைச் சுரண்டித் துடைத்தோம். அங்கே நகம் அளவு துரு ஏடு இருந்தாலும், ஹெட்டை 136 நியூட்டன் மீட்டரில் இறுக்கும்போது விளிம்பு விரிசல் விடும்.

அடுத்து கயிறு சீல். ஹவுசிங்கின் ஒரு பாதியை வைஸில் பிடித்து, கயிற்றின் இரண்டு முனையையும் முதலில் ஒரு அங்குலம் அளவுக்குப் பள்ளத்தில் உட்காரவைக்க வேண்டும். முனை, சேரும் முகத்துக்கு மேலே 0.25 முதல் 0.5 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கட்டும், வெட்டிச் சமமாக்கினால் அந்த இணைப்பிலேயே ஒழுகும். நடுவில் மிஞ்சி நிற்கும் வளைவை நடுவிலிருந்து அழுத்தி உள்ளே தள்ளி, உருண்டைக் கம்பியால் உருட்டிப் படியவைத்து, உள்பக்கம் கிராஃபைட் கிரீஸ். பார்த்துக்கொண்டிருந்த யார்டு தம்பி முனையை வெட்டக் கத்தியோடு வந்துவிட்டான். நல்ல வேளை, கேட்டுவிட்டு வந்தான்.

கடை மூடுவதற்குள் பம்ப்-நாசில் கடைக்கு ஓடி லிஸ்ட் நம்பரைக் கொடுத்தோம், கடைசி இலக்கம் மூன்று என்று. ஸ்பிரிங் வரவழைக்கலாம், பெஞ்சுதான் காலியில்லை என்றார். பம்ப்பின் கழுத்தில் கம்பியால் ஒரு அட்டையைக் கட்டினார். எண் 31. முன்னால் இருக்கும் முப்பதும் படகு பம்ப்.